ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்

அது ஜனவரி மாதம். பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது.

மூணாறு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா, மகளை அழைத்து வரப் போயிருந்தார். மகளைக் கட்டிக் கொடுத்த ஊர் கொழிஞ்சாம்பாறை. அது பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. மகளுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. பஸ் மாறி மாறிப் போனால் குழந்தைக்கு ஆகாது. அதனால் மருமகன் ஒரு வாடகைக் கார் பிடித்துக் கொடுத்தார்.

கார் மத்தியானம் புறப்பட்டது. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர், மூணாறு. இதுதான் வழி.

கீழே நல்ல வெயில். டிரைவர் தம்பி ஏசி போட்டார். மறையூர் தாண்டியதும் ஏற்றம் கூடியது. மாலை ஆனது. பனிமூட்டம் இறங்கியது. குளிர் எலும்பைத் தொட்டது. தம்பி ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போட்டார். ஹீட்டர் என்றால் காருக்குள் சூடான காற்று தரும் கருவி.

முன் சீட்டில் இடது பக்கம் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். காற்று வரும் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, உன் பக்கம் சூடா வருது. என் பக்கம் குளிர்காத்துதானே வருது?"

"இந்த வண்டி அப்படித்தாம்மா. ஊர்ல ஹீட்டர் போடவே மாட்டோம். சின்னக் கோளாறுதான்."

கொஞ்ச தூரம் போனதும் முன் கண்ணாடியின் இடது பாதி வெள்ளையாக மூடிக்கொண்டது. தம்பியின் பக்கம் மட்டும் தெரிந்தது. நம் ஊரில் வண்டிகள் இடது பக்கம்தான் போகின்றன. அந்தப் பாதையில் இடது ஓரத்தில் பள்ளம். பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"தம்பி, ஓரம் தெரியல. நிறுத்துப்பா. பச்சப்புள்ள இருக்கு" என்றார் அம்மா.

தம்பி ஒரு டீக்கடை வாசலில் காரை நிறுத்தினார்.

சின்னக் கோளாறு என்று நினைத்தது சின்னக் கோளாறு இல்லை. அது ஏன்? வாருங்கள், பார்ப்போம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

கார் ஹீட்டருக்குத் தனி அடுப்பு இல்லை. என்ஜினின் சூடுதான் ஹீட்டரின் சூடு.

என்ஜினில் பெட்ரோல் அல்லது டீசல் எரிகிறது. அந்தச் சக்தியில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. பெரும்பகுதி வெறும் சூடாகப் போகிறது. அந்தச் சூட்டைத் தணிக்க என்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. வெறும் தண்ணீர் அல்ல. கூலண்ட் என்ற மருந்து கலந்த தண்ணீர். அது துரு பிடிக்காமல் காக்கும். எளிதில் கொதிக்காது. எளிதில் உறையாது.

என்ஜின் ஓடும்போது அந்தத் தண்ணீரின் சூடு சுமார் 90 டிகிரி. அது காரின் முன்பக்கம் உள்ள ரேடியேட்டருக்குப் போகும். அங்கே காற்று பட்டு ஆறும். மறுபடி என்ஜினுக்கு வரும். ஒரு பம்ப் இந்தத் தண்ணீரைச் சுற்றவிடுகிறது.

அதே தண்ணீரில் ஒரு பகுதி வேறு வழியில் போகிறது. காருக்குள் காற்றுத் துவாரங்களுக்குப் பின்னால் ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது. அதுதான் ஹீட்டர். அதற்கு இரண்டு ரப்பர் ஓஸ்கள். ஒன்றில் சூடான தண்ணீர் உள்ளே வரும். இன்னொன்றில் திரும்பிப் போகும். ஒரு சின்ன ஃபேன் அதன் மேல் காற்றை ஊதும். அந்தக் காற்று சூடாகி நம்மிடம் வரும்.

அமெரிக்காவில் நாஷ் என்ற கார் கம்பெனி 1938இல் இப்படி ஒரு ஹீட்டரை விற்றது. வெளிக்காற்றை உள்ளே இழுத்து, என்ஜின் தண்ணீரால் சூடாக்கி அனுப்பியது. இன்றைய பெட்ரோல், டீசல் கார்களிலும் அடிப்படை அதுதான். மின்சாரக் காரில் என்ஜின் இல்லை. அதில் சூடு மின்சாரத்தால் வருகிறது.

கடைமடை வயல்

ஒரு வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் நிறைய வந்தால் எல்லா வயலும் நனையும். தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும்? தலைமடை நனையும். கடைமடை காயும். வாய்க்காலில் சேறு அடைத்தாலும் அதேதான்.

ஹீட்டரும் அப்படித்தான். அதற்குள் மெல்லிய குழாய்கள் பல இருக்கின்றன. சூடான தண்ணீர் எல்லாக் குழாய்களிலும் நிறைந்து ஓடினால் இரண்டு பக்கமும் ஒரே சூடு வரும். தண்ணீர் குறைந்தால், அல்லது குழாய் அடைத்தால், தண்ணீர் நுழையும் பக்கம் மட்டும் சூடாகும். கடைசிப் பக்கம் குளிர்ந்தே இருக்கும்.

இப்போது புரிகிறதா? ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர் என்றால் என்ஜின் தண்ணீர் குறைந்திருக்கலாம். என்ஜினுக்குத் தண்ணீர் குறைந்தால் என்ஜின் காய்ந்து போகும். மலை ஏற்றத்தில் அது சீக்கிரம் நடக்கும். நடுவழியில் வண்டி நின்றுவிடும். என்ஜினைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகும்.

ஹீட்டர் முன்கூட்டியே நம்மிடம் சொல்கிறது. நாம்தான் கேட்க வேண்டும்.

மூடியில் கை வைக்காதே

டீக்கடையில் ஒரு பெரியவர் இருந்தார். முன்பு தோட்டத்து லாரி ஓட்டியவர். தம்பி காரின் பானெட்டைத் தூக்கினார். ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கையை நீட்டினார்.

"தம்பி! கையை எடு!" என்று கத்தினார் பெரியவர்.

தம்பி திடுக்கிட்டு நின்றார்.

"தண்ணி இருக்கான்னு பார்க்கத்தான் ஐயா."

"பிரஷர் குக்கரை விசில் அடங்காம திறப்பியா?"

"மாட்டேன் ஐயா."

"இதுவும் குக்கர்தான். இப்போ திறந்தா கொதிதண்ணி மூஞ்சியில அடிக்கும். கண்ணு போயிடும்."

பெரியவர் சொன்னது உண்மை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூணாறு போன்ற 5,000 அடி உயரத்தில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடி ஆவியை வெளியே விடாமல் அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் இருப்பதால் உள்ளே தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். அந்த நொடியே தண்ணீர் பொங்கிச் சீறும்.

எல்லோரும் டீ குடித்தார்கள். கடைக்கார அக்கா குழந்தையோடு அடுப்புப் பக்கம் உட்கார இடம் கொடுத்தார். முக்கால் மணி நேரம் போனது. என்ஜின் ஆறியது.

பெரியவர் மூடிமேல் கனமான துணியைப் போட்டார். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார். மூடியை மெல்லக் கொஞ்சம் திருப்பி நிறுத்தினார். மிச்ச ஆவி போனது. பிறகு முழுதும் திறந்தார்.

உள்ளே தண்ணீர் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த கூலண்ட் பாட்டிலும் காலி.

"கடைசியா எப்போ பார்த்தே?"

தம்பி தலையைக் குனிந்தார். "வண்டி வாங்கினதிலிருந்து பார்க்கல ஐயா. முள்ளு நடுவுலதானே இருந்துச்சு?"

காரில் சூடு காட்டும் முள் ஒன்று உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. முள்ளுக்குச் சேதி சொல்லும் கருவி தண்ணீரில் முழுகி இருக்க வேண்டும். தண்ணீர் மிகவும் குறைந்தால் அந்தக் கருவி காற்றில் நிற்கும். அப்போது முள் சரியாகக் காட்டாது.

ஓஸில் காற்று

கடையில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இருந்தது. அதை மெல்ல மெல்ல ஊற்றினார்கள். ஒரு லிட்டருக்கு மேல் பிடித்தது. என்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். தம்பியின் பக்கம் சூடு வந்தது. அம்மாவின் பக்கம் இன்னும் குளிர்தான்.

அந்த அம்மா யோசித்தார். பிறகு கேட்டார்.

"ஐயா, எங்க லைன் வீட்டுக்கு மேல ஓடையிலிருந்து ஓஸ் போட்டுத் தண்ணி எடுக்கிறோம். சில நாள் ஓடையில தண்ணி இருக்கும். ஓஸில வராது. மேடான இடத்துல ஏர் அடைச்சுக்கும். ஓஸைத் தூக்கி ஏரை வெளியே விட்டாத்தான் தண்ணி வரும். இதுவும் அப்படியா?"

பெரியவர் சிரித்தார். "நீங்க மெக்கானிக் வேலைக்கே போகலாம்மா. அதேதான்!"

மலையில் ஓஸ் போட்டுத் தண்ணீர் எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காற்று லேசானது. அது மேடான இடத்தில் போய் நிற்கும். தண்ணீருக்கு வழி விடாது. காரில் ஹீட்டர் பெரும்பாலும் உயரமான இடத்தில் இருக்கிறது. தண்ணீர் குறைந்த பிறகு காற்று அங்கே போய் அடைத்துக்கொள்ளும்.

பெரியவர் என்ஜினை நிறுத்தி மறுபடி ஆறவிட்டார். காரின் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி சரிவில் நிறுத்தச் சொன்னார். கைப் பிரேக்கை இழுத்தார்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். இப்போது ரேடியேட்டரின் வாய் மேடான இடம் ஆனது. மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, என்ஜினை மெல்ல ஓடவிட்டார்கள்.

குபுக், குபுக் என்று குமிழிகள் வந்தன. தண்ணீர் உள்வாங்கியது. மறுபடி ஊற்றினார்கள். குமிழி நின்றதும் மூடியை இறுக்கினார்கள்.

அம்மா துவாரத்தில் கை வைத்தார். "வந்துடுச்சு! சூடு வந்துடுச்சு!"

தண்ணீர் ஏன் குறைந்தது? பெரியவர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஹீட்டர் ஓஸின் கிளிப் தளர்ந்திருந்தது. அங்கிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஸ்க்ரூ டிரைவரால் கிளிப்பை இறுக்கினார்.

"நாளைக்கு மூணாறுல மெக்கானிக்கிட்டக் காட்டு. ஓஸை மாத்து. பச்சைத் தண்ணியை எடுத்துட்டுக் கூலண்ட் ஊத்து" என்றார்.

கண்ணாடி இரண்டு பக்கமும் தெளிந்தது. கார் மெல்லப் புறப்பட்டது.

நீங்களே கண்டுபிடிக்கலாம்

எல்லாக் காரிலும் காரணம் ஒன்றாக இருக்காது. வரிசையாகப் பாருங்கள். மெக்கானிக்கிடம் போகும் முன் இவ்வளவு தெரிந்தால் வீண் செலவு குறையும்.

1. தண்ணீரைப் பாருங்கள்.
என்ஜின் ஆறிய பிறகு பாருங்கள். கூலண்ட் பாட்டிலில் இரண்டு கோடுகள் இருக்கும். மேல் கோடு மேக்ஸ். கீழ்க் கோடு மின். தண்ணீர் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

2. காற்றின் வேகத்தைப் பாருங்கள்.
ஒரு பக்கம் காற்றே குறைவாக வருகிறதா? அது தண்ணீர்க் கோளாறு இல்லை. காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கலாம். இலை, சருகு சேர்ந்திருக்கலாம். துவாரம் மூடியிருக்கலாம்.

3. எப்போது சூடு வருகிறது என்று பாருங்கள்.
வண்டி ஓடும்போது சூடு, நின்றால் குளிர் என்றால் தண்ணீர் குறைவு, உள்ளே காற்று, அல்லது பம்ப் பலவீனம். இரண்டு பக்கமும் எப்போதும் வெதுவெதுப்பு மட்டும், முள்ளும் மேலே ஏறவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படலாம். தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியில் உள்ள கதவு. அது திறந்தே சிக்கிக்கொண்டால் என்ஜின் சரியாகச் சூடாகாது.

4. இரண்டு ஓஸையும் தொட்டுப் பாருங்கள்.
என்ஜின் சூடான பிறகு அதை நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். துணியைச் சுற்றிய கையால் ஹீட்டர் ஓஸ்களை லேசாகத் தொடுங்கள். ஃபேன் பக்கம் கை போகக் கூடாது. சில கார்களில் என்ஜினை நிறுத்திய பிறகும் ஃபேன் சுற்றும்.
ஒன்று சூடு, ஒன்று வெதுவெதுப்பு என்றால் ஹீட்டர் அடைத்திருக்கலாம். காற்றும் நிற்கலாம்.
இரண்டும் குளிர் என்றால் சூடான தண்ணீர் ஹீட்டருக்கு வரவில்லை.
இரண்டும் நல்ல சூடு, ஆனால் ஒரு பக்கக் காற்று மட்டும் குளிர் என்றால் தண்ணீரில் குறை இல்லை. உள்ளே காற்றைத் திருப்பும் சின்னக் கதவு சிக்கியிருக்கலாம்.

அந்தக் கதவு சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கிறது. சில கார்களில் வலது பக்கத்துக்கு ஒன்று, இடது பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு கதவுகள் உண்டு. சின்ன மோட்டார் அதைத் திருப்பும். மோட்டார் கெட்டால் டேஷ்போர்டுக்குள் டக் டக் என்று சத்தம் வரலாம். இதை மெக்கானிக்தான் சரிசெய்ய வேண்டும்.

ஹீட்டர் ஏன் அடைக்கிறது?

பாலக்காட்டு வெயிலில் ஹீட்டர் தேவைப்படாது. அதனால் ஹீட்டரை யாரும் கவனிப்பதில்லை. ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர், போர்த் தண்ணீர், குழாய்த் தண்ணீர் என்று கிடைத்ததை ஊற்றுகிறார்கள். அந்தத் தண்ணீரில் உப்பு இருக்கிறது. அது படியும். இரும்பு துருப் பிடிக்கும். டீ போடும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு பார்த்திருப்பீர்கள். அதே படிவு ஹீட்டரின் மெல்லிய குழாயையும் அடைக்கும்.

ஒழுகலை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. மஞ்சள் தூளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. ஒழுகல் நிற்கலாம். ஹீட்டரும் அடைத்துப்போகும்.

அடைத்த ஹீட்டரை மெக்கானிக் கழுவலாம். இரண்டு ஓஸையும் கழற்றுவார். தண்ணீரைத் திரும்பிப் போகும் வழியாக மெல்ல உள்ளே விடுவார். அழுக்கு வந்த வழியே வெளியேறும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் ஹீட்டர் கிழிந்துவிடும். ஆசிட் ஊற்றவே கூடாது.

பிறகு கார் கம்பெனி சொல்லும் கூலண்டை ஊற்ற வேண்டும். இரண்டு வகைக் கூலண்டைக் கலக்கக் கூடாது. கூலண்டில் தண்ணீர் சேர்க்க வேண்டுமானால் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீரைச் சேர்க்கலாம்.

கூலண்ட் விஷம். அதன் ருசி இனிப்பு. குழந்தை, நாய், ஆடு, மாடு குடித்தால் உயிருக்கு ஆபத்து. பழைய கூலண்டை ஓடையில், வாய்க்காலில் கொட்டக் கூடாது.

கண்ணாடி மூடினால்

மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி சூடு குறையும். 2019 ஜனவரியில் மூணாறு தோட்டங்களில் உறைபனி விழுந்தது. தேயிலை இலைகள் கருகின. அப்படிப்பட்ட குளிரில் நம் மூச்சில் உள்ள ஈரம் கண்ணாடியில் படியும்.

அப்போது காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். வெளிக்காற்று உள்ளே வரட்டும். ஹீட்டரோடு ஏசியையும் சேர்த்துப் போடுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும். ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கும். கண்ணாடி சீக்கிரம் தெளியும். தெளியவில்லை என்றால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

கண்ணாடியில் எண்ணெய் போலப் படிகிறதா? உள்ளே இனிப்பு வாசனை வருகிறதா? காலடி விரிப்பு ஈரமா? ஹீட்டரே காருக்குள் ஒழுகுகிறது. உடனே மெக்கானிக்கிடம் போங்கள்.

குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றி, என்ஜினை ஓடவிட்டு, காருக்குள் தூங்காதீர்கள். என்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

நினைவில் வைப்போம்

ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர் என்றால் முதலில் என்ஜின் தண்ணீரைப் பார்.

சூடான என்ஜினில் மூடியைத் திறக்காதே. ஆறவிடு.

சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதே. என்ஜின் வெடிப்பு விடலாம்.

தண்ணீர் குறைந்தால் ஊற்றுவது பாதி வேலை. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது மீதி வேலை.

மலை ஏறும் முன் கீழேயே பார். கூலண்ட், ஓஸ், கிளிப் மூன்றையும் பார்.

அன்று இரவு அந்தக் கார் பத்திரமாக மூணாறு சேர்ந்தது. குழந்தை வழியெல்லாம் தூங்கியது. இறங்கும்போது தம்பி சொன்னார்: "அம்மா, நீங்க சொல்லலைன்னா நான் ஓட்டிக்கிட்டே போயிருப்பேன்."

"எனக்கு வண்டி தெரியாது தம்பி. ஓஸ் தெரியும்" என்றார் அம்மா.

பேசிப் பார்ப்போம்

1. கார் ஹீட்டருக்குச் சூடு எங்கிருந்து வருகிறது?
2. பெரியவர் ஏன் "கையை எடு" என்று கத்தினார்?
3. சூடு காட்டும் முள்ளை மட்டும் ஏன் நம்பக் கூடாது?
4. உங்கள் வீட்டு ஓஸில் காற்று அடைத்தால் என்ன செய்வீர்கள்?
5. உங்கள் ஊர் ஜீப், கார், ஆட்டோ டிரைவரிடம் கேளுங்கள்: "கூலண்ட் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"